தொட்டி மீனுக்குப் பேர் வைத்த கதை

நம் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். விரால் மீன் படத்துக்குக் கீழே 'ஓபியோசெபாலஸ் ஸ்ட்ரையேட்டஸ்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியவர்கள் ஒரு கட்சி. 'சன்னா ஸ்ட்ரையேட்டா' என்று எழுதுகிற பிள்ளைகள் இன்னொரு கட்சி. இந்த மாதிரி ஒன்றுகூடலில் இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் உட்காரும். அப்போது பெரியவர்களில் யாராவது ஒருத்தர் கேட்காமல் இருக்கமாட்டார்: "ஏம்ப்பா, மீன் அதேதானே? பேரை மட்டும் எதுக்கு மாத்திக்கிட்டே இருக்காங்க?"

நியாயமான கேள்விதான். விராலாவது சாப்பாட்டு மீன், பெரிய மீன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற விரல் நீள மீன்களை எடுத்துக்கொண்டால் இந்தப் பெயர் மாற்றக் கூத்து இன்னும் அதிகம். கெண்டை இனத்து மீன் ஒன்றை 'பார்பஸ்' என்று படித்தவர் அப்பா, 'பன்டியஸ்' என்று படித்தவர் அக்கா, 'பெத்தியா' என்று படிக்கிறவன் தம்பி. இதற்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் நம் தரங்கம்பாடி வருகிறது, புதுச்சேரி வருகிறது, மெட்ராஸ் கவர்னர் ஒருவர்கூட வருகிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். திருத்தணிக்காரர்களுக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது புதிதல்ல. விரால் என்று நாம் சொல்வதை, நகரி, புத்தூர் பக்கம் போனால் 'கொர்ரமீனு' என்பார்கள். சின்னக் கெண்டையை 'பரிகெ' என்பார்கள். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் நந்தி ஆற்றிலும் கொசஸ்தலை ஆற்றிலும் இருந்த மீன்களுக்கு இரண்டு பெயரும் அப்படியேதான் இருந்தன. மீன் விற்கிற அம்மாவுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆள் முகத்தைப் பார்த்தே எந்தப் பெயரைச் சொல்வது என்று முடிவு செய்துவிடுவார்!

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், 'கெண்டை' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வகை மீன்கள் அடங்கியிருப்பதில்தான். குழம்புக்கு அது போதும். வால் பக்கம் ஒரு கரும்புள்ளி உள்ளது வேறு, இரண்டு புள்ளி உள்ளது வேறு, மீசை உள்ளது வேறு, இல்லாதது வேறு என்று பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் அது போதாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இரட்டைப் பெயர் முறையைக் கொண்டுவந்தார். விலங்குகளுக்கு அது 1758-இல் வந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கு. முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். நாம் இனிஷியலை முன்னால் போட்டுப் பெயரைப் பின்னால் எழுதுகிறோமே, ஏறக்குறைய அந்த வரிசைதான். பேரினம் மாறினால் இனிஷியல் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆள் மாறவில்லை.

இன்னொரு விதி, முந்தினவனுக்கே உரிமை. ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், முதலில் அச்சில் வந்த பெயர்தான் செல்லும். விரால் விஷயத்தில் நடந்தது இதுதான். பெர்லின் நகரத்து டாக்டர் ப்ளாக் 1793-இல் 'பாம்புத்தலை' என்று பொருள்படும்படி ஓபியோசெபாலஸ் என்று வைத்தார். ஆனால் வயிற்றுத் துடுப்பு இல்லாத ஒரு மீனுக்கு ஸ்கோபோலி என்பவர் 1777-லேயே சன்னா என்று வைத்திருந்தார். துடுப்பு இருக்கிறதும் இல்லாததும் ஒரே பேரினம்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது, பதினாறு வருஷம் மூத்த சன்னா ஜெயித்துவிட்டது. சன்னா என்பது லத்தீன் கணக்கில் பெண்பால். அதனால் ஸ்ட்ரையேட்டஸ் என்ற ஆண்பால் விகுதியும் ஸ்ட்ரையேட்டா ஆனது. பரீட்சையில் இதற்கு அரை மார்க் போனவர்கள் நம்மில் இல்லாமலா இருப்பார்கள்!

அந்த ப்ளாக் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. அவருக்கு மீன் போனது தரங்கம்பாடியிலிருந்து. அப்போது அது டேனிஷ்காரர் ஊர். அங்கே 1771-இல் வந்து சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், கரையில் கிடைத்த மீனையும் சிப்பியையும் பத்திரப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கு நன்றியாக ப்ளாக் ஒரு கடல் மீன் பேரினத்துக்கே 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். ப்ளாக் சேர்த்த மீன்கள் இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தரங்கம்பாடியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி, 1791 நவம்பரில் குளத்தங்கரைப் பனைமரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் 1797-ஆம் வருஷ வெளியீட்டில் அது வந்தது. 'ஏறுகிற மீன்' என்று பொருள்படும்படி 'பெர்கா ஸ்கேண்டென்ஸ்' என்று பெயரும் வைத்தார். நம்ம ஜனங்கள் அதைக் காலங்காலமாகப் பனையேறிக் கெண்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டால்டார்ஃப் வைத்த பெயர் அதன் லத்தீன் வடிவம் போலவே இருக்கிறது. ஆனால் அது நிலைக்கவில்லை. ப்ளாக் 1792-லேயே அதே மீனுக்கு ஆமையை நினைவூட்டும் 'டெஸ்டுடினியஸ்' என்ற பெயரை வைத்துவிட்டார். ஐந்து வருஷத்தில் பனையேறி தோற்றது, ஆமை ஜெயித்தது. இப்போது அது 'அனபாஸ் டெஸ்டுடினியஸ்'. செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஈரத் தரையில் அது நகரும், காற்றையும் சுவாசிக்கும். உண்மையிலேயே பனை ஏறுமா என்பதை அறிஞர்கள் அவ்வளவாக நம்புவதில்லை.

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே போகாமல் வடக்கே வந்தால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர் லெஷெனோ என்ற தாவர இயல் நிபுணர் பாரிஸில் இருந்த குவியேவுக்கு மீன்கள் அனுப்பினார். குவியேவும் அவருடைய சீடர் வலென்சியன்னும் 1828 முதல் 1849 வரை 22 பாகங்களாக வெளியிட்ட மீன் நூலில் அவை இடம்பெற்றன. அந்த நூலில் 1831-இல் வந்த ஒரு சின்ன மீனின் பெயர் 'குபானஸ்'. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஆண் மீன் வாயால் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். இன்று 'சூடோஸ்ஃப்ரோமினஸ் குபானஸ்' என்று உலகமெங்கும் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த மீன். அது என்ன குபானஸ்? அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீன். பிரெஞ்சுக்காரர் வாயில் அரியாங்குப்பம் 'அரியான் கூபாங்' ஆனது. அதில் 'அரியான்' உதிர்ந்து, 'கூபாங்' மட்டும் லத்தீன் வேஷம் கட்டிக்கொண்டது. அதாவது நம்ம 'குப்பம்'! ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ யாரோ ஒருத்தர் தன் தொட்டி மீனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு தமிழ்க் குப்பத்தின் பெயரைச் சொல்கிறார். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே ரொம்பப் பிடித்த பெயர் இதுதான்.

ஆனால் தொட்டி மீன் உலகத்தில் தமிழைவிட வங்காளிதான் அதிகம் செல்லுபடியாகிறது. காரணம் பிரான்சிஸ் ஹாமில்டன். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். கங்கை ஆற்று மீன்களைப் பற்றி 1822-இல் அவர் போட்ட புத்தகத்தில், கிரேக்கம் லத்தீன் என்று தேடிக்கொண்டிருக்காமல், மீனவர்கள் சொன்ன பெயரையே பல மீன்களுக்கு வைத்துவிட்டார். டேனியோ, பன்டியஸ், பேடிஸ், போடியா எல்லாம் அப்படி வங்காளத்துப் பக்கத்து வாய்ச்சொல்லிலிருந்து வந்தவை. இன்று உலகத்து மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களில் எலிக்கு அடுத்தபடியாக வளர்க்கப்படுகிற வரிக்குதிரை மீன், 'டேனியோ ரெரியோ', ஹாமில்டன் பெயர் வைத்ததுதான். நடுவில் அதைக் கொஞ்ச காலம் 'பிராக்கிடேனியோ' ஆக்கினார்கள், மறுபடியும் டேனியோவுக்கே திரும்பிவிட்டது.

ஹாமில்டனுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஹலுதார் என்ற இளம் வங்காள ஓவியர். ஹாமில்டன் ஊருக்குக் கிளம்பும்போது, படங்களைக் கல்கத்தாவிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று கவர்னர் ஜெனரல் சொல்லிவிட்டார். வரைந்தவர் பெயரையும் உலகம் மறந்துவிட்டது. இருநூறு வருஷம் கழித்து அந்தப் பெயர் எப்படித் திரும்பி வந்தது என்பது தனிக் கதை.

அதற்கு முன் ஜெர்டனைப் பற்றிச் சொல்லவேண்டும். மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டர். நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தபோது யானாதி மக்களோடு பழகி, பறவை விலங்குகளின் நாட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டவர். தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1849-இல் மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் சஞ்சிகையில் வந்தது. மீன்சாஸ்திரத்தில் நம் மாகாணத்திலேயே எழுதி நம் மாகாணத்திலேயே அச்சான முக்கியமான வேலை அது. காவிரி நீரோட்டத்து மீன் ஒன்றுக்கு அந்த வட்டாரத்து வாய்ச்சொல்லை வைத்தே 'அருலியஸ்' என்று பெயர் கொடுத்தார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் வாழும், பட்டை பட்டையாகக் கறுப்புப் போட்ட ஒரு சிறு மீனுக்கு 'ஃபேஸியேட்டஸ்' என்று வைத்தார். கடைக்காரர்கள் 'மெலன் பார்ப்' என்று விற்கிற மீன் இது.

இந்தக் கெண்டைக் கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பெரிய சண்டை. மீசையை எண்ணு என்றார்கள் அந்தக் காலத்தில். நாலு மீசை என்றால் பார்போடிஸ், இரண்டு என்றால் கபோயிட்டா, மீசையே இல்லை என்றால் பன்டியஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்களை மீசையை வைத்துக் குடும்பம் பிரித்தால் என்ன ஆகும்? அப்பா ஒரு குடும்பம், மகன் ஒரு குடும்பம் ஆகிவிடுவான்! மீனிலும் அதேதான் ஆயிற்று. மீசை ஒன்றையே நம்பினால் நெருங்கிய சொந்தம் பிரிகிறது, சொந்தமில்லாதது சேருகிறது. அதனால் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி ஒரே பன்டியஸ் என்று வைத்துப் பல வருஷம் ஓட்டினார்கள். நடுவயதுப் பழைய மாணவர்கள் படித்தது அந்தக் காலத்துப் பாடம்.

2012-இல் இலங்கையைச் சேர்ந்த பெத்தியாகொட, மீகஸ்கும்புர, மதுவகே ஆகிய மூவர் அந்த மூட்டையை அவிழ்த்தார்கள். மீசையோடு நிற்காமல், முதுகுத் துடுப்பின் முள் மழுமழுவென்று இருக்கிறதா, ரம்பம் மாதிரிப் பல் வைத்திருக்கிறதா, எலும்பு எப்படி, உடம்புப் புள்ளி எங்கே, டி.என்.ஏ. என்ன சொல்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். முள்ளில் ரம்பப் பல் உள்ள சின்ன மீன்கள் 'பெத்தியா' ஆயின. சிங்களத்தில் இம்மாதிரிப் பொடிக் கெண்டைக்கு அதுதான் பெயர். ஜெர்டனின் அருலியஸ் முதலானவை, ரிச்சர்ட் டாகின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் பெயரில் 'டாகின்சியா' ஆயின. பட்டை போட்ட ஃபேஸியேட்டஸ் வகையறா தென்னிந்தியாவில் மட்டும் இருப்பதால் அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'திராவிடியா'!

ஆஹா என்று நாம் காலரைத் தூக்கிவிடுவதற்குள் பெயர் போய்விட்டது. 2010-லேயே ஒருவகை ஈக்கு 'திராவிடியா' என்று வேறொருவர் வைத்திருந்தார். விலங்குலகத்தில் ஒரே பேரினப் பெயர் இரண்டு இருக்கக்கூடாது. இரண்டு வருஷம் முந்திய ஈக்குப் பெயர் நிலைத்தது, மீன் பெயரிழந்து நின்றது. அப்போதுதான் பெத்தியாகொட 2013-இல் அந்த மறந்துபோன ஓவியரை நினைத்தார். 'ஹலுதாரியா' என்று வைத்தார். கங்கை மீன்களை வரைந்தவரின் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலை மீனுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். இன்று அதன் முழுப் பெயரை 'ஹலுதாரியா ஃபேஸியேட்டா (ஜெர்டன், 1849)' என்று எழுதவேண்டும். மாணவர்கள் இந்த அடைப்புக்குறியைக் கவனிக்கவேண்டும். பெயர் வைத்தவர் முதலில் போட்ட பேரினம் பிற்பாடு மாறியிருந்தால்தான் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது. மாறாவிட்டால் வெளியே. ஜெர்டன் இதைப் போட்டது 'சிர்ரைனஸ்' என்ற பேரினத்தில்.

பெயர் எப்படி இருந்தால் என்ன, மீன் நீந்தினால் சரி என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது.

பிரான்சிஸ் டே என்ற டாக்டர் 1852-இல் மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தவர். பிற்காலத்தில் இந்திய மீன்வளத் துறைக்கே இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய 'இந்திய மீன்கள்' என்ற நூலில், மீனுக்கு மீன் கிடைத்தவரையில் தமிழ், தெலுங்கு, இந்திப் பெயர்களையும் குறித்திருக்கிறார். எல்லையூர்க்காரர்களாகிய நாம் ஒருதரம் அதைப் புரட்டிப் பார்க்கவேண்டும். மனிதர் கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. லண்டன் மியூசியத்தில் இருந்த குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. அந்த மனத்தாங்கலில் தன் சேகரிப்பில் ஒரு பெரும்பகுதியை 1883-இல் ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் மீன்களின் மூல மாதிரிகளைத் தேடிச் சிட்னிக்குப் போகவேண்டிய நிலைமை இதனால்தான்.

டே 1865-இல் கேரளத்து முண்டக்காயம் பக்கத்து மலையாற்று மீன் ஒன்றுக்கு, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் சர் வில்லியம் டெனிசன் பெயரில் 'லேபியோ டெனிசோனி' என்று வைத்தார். மூக்கிலிருந்து உடம்பு நடுவரை சிவப்புக் கோடு, அதன்கீழ் கறுப்புக் கோடு, வாலில் மஞ்சளும் கறுப்பும். கடைகளில் இதற்கு 'மிஸ் கேரளா' என்று பெயர். நூற்று முப்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1997-இல் சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில் பரிசு வாங்கியதும் வந்தது வினை. ஆற்றில் வலை போட்டு வாரி ஏற்றுமதி செய்தார்கள். 1999-இல் மேனன், ரமாதேவி, தோபியாஸ் ஆகிய ஆய்வாளர்கள், சாலக்குடி ஆற்றில் இருப்பது பார்க்க இதே மாதிரி இருந்தாலும் வேறு இனம் என்று கண்டு 'சாலக்குடியென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். முதுகுத் துடுப்பில் அதற்கு ஒரு கறுப்புத் திட்டு உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஏற்றுமதிக் காகிதத்தில் இரண்டுக்கும் டெனிசோனி என்றே எழுதினால், எந்த இனம் எத்தனை போயிற்று என்று யாருக்குத் தெரியும்? பெயரில்லாததற்குக் கணக்கு கிடையாது, கணக்கில்லாததற்குப் பாதுகாப்பு கிடையாது. கேரள அரசு 2008-இல் டெனிசோனியைப் பிடிக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2013-இல் இரண்டு இனத்தையும் சேர்த்து, சஹ்யாத்ரி மலையின் பெயரில் 'சஹ்யாத்ரியா' என்ற புதுப் பேரினம் அமைத்தார்கள். இரண்டும் அழியும் அபாயத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் தனித்தனியாக இடம்பெற்றுள்ளன.

நம் தாமிரபரணியிலும் இதே கதைதான். 1954-இல் சைலாஸ் அந்த ஆற்று மீனை அருலியஸின் ஒரு துணையினம் என்று விவரித்து 'தாம்பிரபர்ணியி' என்று பெயர் வைத்தார். இன்று அது தனி இனம். ஆணின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும் அழகான மீன். வெளிநாட்டுத் தொட்டிகளில் அருலியஸ் என்று விற்கப்பட்டதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தத் தாமிரபரணி மீன்தான். காவிரிக்காரன் பெயரில் பொருநைக்காரன் கப்பல் ஏறியிருக்கிறான்.

வெளியுலகக் கதைகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்க் கிணற்றிலும் சாக்கடையிலும் கொசுப்புழு தின்பதற்காக விட்ட கப்பி மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. டிரினிடாட் தீவிலிருந்து கப்பி என்பவர் லண்டனுக்கு அனுப்பினார். குந்தர் (டேயோடு சண்டை போட்டாரே, அவரேதான்) 1866-இல் அவர் பெயரை வைத்தார். ஆனால் பீட்டர்ஸ் என்பவர் 1859-லேயே 'ரெட்டிகுலேட்டா' என்று வைத்துவிட்டதால் குந்தரின் பெயர் செல்லவில்லை. சட்டப்படி தோற்ற கப்பி, ஜனங்கள் வாயில் மட்டும் ஜெயித்துவிட்டார். இன்னொன்று கார்டினல் டெட்ரா. 1956 பிப்ரவரியில் இரண்டு கோஷ்டிகள் ஒரே மீனுக்கு இரண்டு பெயரை அச்சிட்டன. ஒரே ஒரு நாள் வித்தியாசம். சர்வதேசக் கமிஷன் வரை போய் 1957-இல் முந்தின நாள் பெயரான 'ஆக்செல்ராடி' நிலைத்தது.

சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்க்கிற குடும்பங்கள் நிறைய. அங்கே ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டி 'மாலி', 'பைட்டர்', 'ஏஞ்சல்' என்பார்கள். ஃபிளவர்ஹார்ன் மாதிரி மனிதன் கலப்பில் உண்டாக்கிய மீனுக்கு லத்தீன் பெயரே கிடையாது. கடைக்காரர் வைத்ததுதான் பெயர். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆற்றில் பிடித்த மீன் என்றால் மட்டும், எந்த ஆறு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விலங்கியல் பிள்ளைகளுக்கு ஒன்று. பெயர் மாறிவிட்டது என்று பழையதைக் குப்பையில் போடுவதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் கீழே அது இதுவரை பட்ட பெயர்களையெல்லாம், வைத்தவர், வருஷத்தோடு வரிசையாக எழுதி வைப்பது மரபு. டே 'பன்டியஸ்' என்று குறித்த மீன் இன்றைக்கு எது என்று கண்டுபிடிக்க அந்த வரிசைதான் வழி. ஆகவே ஓபியோசெபாலஸ் கட்சிக்காரர்கள் யாராவது பரணில் பழைய ரெக்கார்டு நோட்டு வைத்திருந்தால், அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். அதில் ஏரிப் பெயரும், தேதியும், மீன்காரர் சொன்ன தமிழ்ப் பெயரோ தெலுங்குப் பெயரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.